ஸ்லைடில் ஒரு டம்ளர் படம்

பொள்ளாச்சிப் பக்கத்து வாசகி ஒருவர் கேட்கிறார்: "எங்க மகளிர் குழுவுல, வயித்துப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கரைக்கறது எப்படீன்னு பவர்பாயிண்ட் ஸ்லைடு போட்டுக் காட்டப் போறேனுங்க. கம்ப்யூட்டர்ல ரெடியா இருக்கற கோட்டுப் படங்களை அப்படியே வெச்சுக்கலாமுங்களா?"

வைத்துக்கொள்ளுங்கள், சகோதரி. ஆனால் 'அப்படியே' வேண்டாம். தண்ணீர் என்று தேடினால் பெரும்பாலும் ஒரு சொட்டு வரும், இல்லையென்றால் ஒரு டம்ளர் வரும். பாக்கெட், கூட்டல் குறி, டம்ளர் என்று வரிசையாக வைத்தால் பார்க்கிற தாய் என்ன செய்வாள்? முழுப் பாக்கெட்டையும் ஒரு டம்ளரில் கொட்டிவிடுவாள்! பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு உரியது. டம்ளரில் கரைத்தால் உப்பு மிதமிஞ்சி, குழந்தைக்கு ஆபத்தாக முடியும். 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் கடையில் கிடைக்கிறது. ஆகவே எந்தப் பாக்கெட்டைக் காட்டுகிறீர்களோ, அதற்கேற்ற பாத்திரத்தைத்தான் பக்கத்தில் வைக்க வேண்டும்.

'இன்செர்ட்' பகுதியில் உள்ள 'ஐகான்ஸி'ல் ஒரு தண்ணீர் பாட்டிலை எடுங்கள். (பால் புட்டிப் படமும் கூடவே வரும். அதைத் தொட வேண்டாம். கரைசலைக் கிண்ணமும் ஸ்பூனுமாகத்தான் புகட்ட வேண்டும்.) படத்தின்மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி 'கன்வர்ட் டு ஷேப்' கொடுத்தால், படம் தனித்தனித் துண்டுகளாகும். வேண்டாததை அழித்துவிட்டு, கழுத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டு '1 லிட்டர்' என்று எழுதிவிடுங்கள்.

நம் வீட்டுப் போசியையோ சொம்பையோ வரைந்தால் அழகாக இருக்குமே என்கிறீர்களா? இருக்கும். ஆனால் போசி வீட்டுக்கு வீடு அளவு மாறும். அதைச் சாப்பாட்டு ஸ்லைடுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கத்தியும் முள்கரண்டியும் நமக்கெதற்கு? இரண்டையும் எடுத்துவிட்டு ஒரு வட்டலை வையுங்கள், போதும். 1951-52 பொதுத்தேர்தலில் எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான பேர் ஓட்டுப் போட்டது இரட்டைக் காளை, குடிசை, விளக்கு என்று தினமும் கண்ணில் படுகிற பொருள்களைப் பார்த்துத்தானே!

கோலம் போடுகிற கைக்குக் கோட்டின் கனத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு இழை தடித்து ஒரு இழை மெலிந்தால் உங்கள் கண்ணே காட்டிக்கொடுக்கும். ஐகானைப் படமாகவே இழுத்துப் பெரிதாக்கினால் கோடும் சேர்ந்து தடிக்கும். எனவே எல்லாவற்றையும் ஒரே வகையிலிருந்து எடுத்து, ஒரே அளவில் வையுங்கள். வெள்ளைப் பின்னணியில் கருநீலம் எடுப்பாகத் தெரியும். மஞ்சள் கோடு பகல் வெளிச்சத்தில் காணாமலே போய்விடும்.

எல்லாம் முடிந்ததும், எழுத்துக்களை மறைத்துவிட்டு, பக்கத்து வீட்டு அம்மிணியைக் கூப்பிட்டு, "இதுல என்னங்க தெரியுது?" என்று மட்டும் கேளுங்கள். நீங்களாக விளக்க வேண்டாம். அவர் தடுமாறுகிற இடத்தில் படத்தை மாற்றுங்கள்.

இன்னொன்று. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதற்குக் கடிகாரப் படம் போடுகிறார்கள். மூன்று மணி காட்டும் கடிகாரத்தைப் பார்த்தால், மூன்று மணிக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்றுதான் தோன்றும். ஒரு சூரியன், ஒரு நிலா, மறுபடி ஒரு சூரியன். அதன் பக்கத்தில், கவிழ்த்துக் கொட்டுகிற பாட்டில். அதே பாட்டில் படத்தைச் சுழற்றினாலே போதும், புதிதாக வரைய வேண்டியதில்லை.