கூடம் கோணலா, ஆட்டம் கோணலா?

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது நம் முன்னோர் வாக்கு. இணையத்தளம் நடத்தும் நம் இயக்கங்கள் பலவற்றுக்கும் இப்பழமொழி நன்றாகவே பொருந்தும். தளம் மெதுவாகத் திறந்தால் பழி உடனே ஹோஸ்டிங் நிறுவனத்தின் தலையில் விழுகிறது. “மலிவான இடம், வேறு எப்படி இருக்கும்?” என்கிறோம். ஆனால், பெரும்பாலும் கோளாறு கூடத்தில் இல்லை. தளத்தின் தோற்றத்திற்கு நாம் தேர்ந்தெடுக்கும் வார்ப்புருவிலும், கூடுதல் வசதிகளுக்கு நாம் சேர்க்கும் செருகுநிரல்களிலும்தான் இருக்கிறது. இது நான் பட்டறிந்த உண்மை.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டம் இருந்தது. அதன் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்களுக்காக இணையத்தளம் அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. தோட்டம் இப்போது இல்லை. பால்மரங்கள் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. லயங்கள் உடைக்கப்பட்டுவிட்டன. மக்கள் ஈப்போ, பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் எனச் சிதறிவிட்டனர். எஞ்சியவை சில பழைய புகைப்படங்களும் கோயில் திருவிழா அழைப்பிதழ்களும்தாம். அவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து வைக்கும் இடமாக அத்தளம் அமைய வேண்டும் என்பது பெரியவர்களின் ஆசை.

நான் செய்தது என்ன? கண்ணைப் பறிக்கும் வார்ப்புரு ஒன்றை வாங்கி வேர்ட்பிரஸ் மென்பொருளில் பொருத்தினேன். முகப்பில் ஐந்து பெரிய படங்கள் மாறி மாறி ஓடின. வருகையாளர் எண்ணிக்கை, பகிர்வுப் பொத்தான்கள், திரையில் பனி பொழியும் காட்சி என இருபதுக்கும் மேற்பட்ட செருகுநிரல்களைச் சேர்த்தேன். பேராவில் ஏது பனி என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை!

ஒன்றுகூடல் நாளன்று மண்டபத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் தளத்தைத் திறந்தனர். தளம் முடங்கியது. முன்பு பால் வெட்டிய பாட்டி ஒருவர், டாப்-அப் போட்டுப் பயன்படுத்தும் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். “எங்க வீட்டுக்காரர் படம் இருக்குன்னாங்க. சுத்திக்கிட்டே இருக்கே, தம்பி” என்றார். அன்று அவருக்கு அப்படத்தைக் காட்ட என்னால் இயலவில்லை. நானும் அன்று கூடத்தைத்தான் குறை சொன்னேன்.

பிறகுதான் ஆராய்ந்தேன். மலிவான ஹோஸ்டிங்கில் ஒரே கணினியைப் பல தளங்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொரு தளத்திற்கும் நினைவகம், செயல்திறன் ஆகியவற்றில் ஓர் அளவு உண்டு. ஒருவர் வேர்ட்பிரஸ் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் வழங்கிக் கணினி தரவுத்தளத்தைத் தேடி, இயங்கிக்கொண்டிருக்கும் செருகுநிரல்களையெல்லாம் அழைத்து, அப்பக்கத்தைப் புதிதாக உருவாக்குகிறது. இது கேட்ட பிறகு மாவை வீசிச் சுடும் ரொட்டி சானாய் போன்றது. நூறு பேர் ஒரே நேரத்தில் கேட்டால் ஒரே கல் என்ன செய்யும்? கேஷ் எனப்படும் சேமிப்பு முறையோ, விடியலிலேயே பொட்டலம் கட்டி வைத்த நாசி லெமாக் போன்றது. கேட்டவுடன் எடுத்துக் கொடுத்துவிடலாம். இதற்கு நல்ல செருகுநிரல் ஒன்று போதும். இரண்டைச் சேர்த்தால் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும்.

படங்களின் சுமை வேறு. ஒருங்குறியில் சேமிக்கும்போது ‘தமிழ்’ என்ற சொல் 15 பைட் எடுத்துக்கொள்கிறது. அப்படியிருந்தும் இக்கட்டுரை முழுவதும் ஏறத்தாழ 20 கிலோபைட்தான். கைப்பேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் ஒரே படம் 4 மெகாபைட் வரை வரக்கூடும். அஃதாவது, ஒரு படத்தின் எடை இதுபோன்ற 200 கட்டுரைகளின் எடை! முகப்பில் ஓடிய என் ஐந்து படங்கள் பாட்டியின் டாப்-அப் பணத்தைத்தான் தின்றன.

அப்படியானால் எதைத் தேர்வது? முதலில் வார்ப்புரு. விற்பவர் காட்டும் மாதிரிப் பக்கத்தை நம் கைப்பேசியில் திறந்து பார்க்க வேண்டும். பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்று கூகுள் 2020-ஆம் ஆண்டில் ஓர் அளவுகோல் வகுத்தது. அதன் ‘பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ்’ கருவியில் எவரும் இலவசமாகச் சோதிக்கலாம். வேர்ட்பிரஸ் குழுவினரே வெளியிடும் எளிய வார்ப்புருக்கள் நம் தேவைக்குத் தாராளம். எழுத்துருவையும் தனியாக இறக்க வேண்டியதில்லை. இன்றைய கருவிகளிலேயே தமிழ் எழுத்துருக்கள் உள்ளன. ஆப்பிள் கணினியில் இடம்பெற்ற ‘இணைமதி’ நம் நாட்டு முத்து நெடுமாறன் வடிவமைத்ததாயிற்றே!

அடுத்து, செருகுநிரல். எண்ணிக்கையைவிட அது செய்யும் வேலையே முக்கியம். மூன்று கேள்விகள் கேட்போம். இது இல்லாவிட்டால் வாசகருக்கு என்ன இழப்பு? இது தேவைப்படும் பக்கத்தில் மட்டும் இயங்குகிறதா, எல்லாப் பக்கங்களிலும் சுமை ஏற்றுகிறதா? இதை உருவாக்கியவர் இன்னும் புதுப்பித்து வருகிறாரா? மூன்றாம் கேள்வியை அலட்சியப்படுத்தக் கூடாது. 2011-இல் பல வார்ப்புருக்களுக்குள் இருந்த ‘டிம்தம்ப்’ என்ற சிறு நிரலின் ஓட்டை வழியாக ஏராளமான தளங்கள் ஊடுருவப்பட்டன. வேண்டாதவற்றை நிறுத்தி வைப்பதோடு விடாமல் அடியோடு நீக்க வேண்டும்.

“அழகு இல்லாவிட்டால் இளைஞர்கள் வருவார்களா? பணம் கொடுத்துப் பெரிய ஹோஸ்டிங் வாங்கினால் போயிற்று” என்று சிலர் வாதிடலாம். அழகு வேண்டாம் என்று நான் கூறவில்லை. திறக்காத பக்கத்தின் அழகை யார் காண்பது? பணத்தைப் பொறுத்தவரை, உறுப்பினர் சந்தாவில் நடப்பவை நம் சங்கங்கள். செயற்குழு மாறும்; பொருளாளர் மாறுவார். கட்டணம் கூடக் கூட ஒருநாள் அது கட்டப்படாமல் போகும் வாய்ப்பும் கூடுகிறது. கட்டணம் நின்றால் தளம் மறையும். செம்பனைக்காக ஒருமுறை அழிந்த தோட்டம், நம் ஆடம்பரத்தால் இரண்டாம் முறையும் அழிய வேண்டுமா?

நான் வார்ப்புருவை மாற்றினேன். செருகுநிரல்களை ஐந்தாகக் குறைத்தேன். படங்களைச் சுருக்கி ஏற்றினேன். ஹோஸ்டிங் அதேதான், கட்டணமும் அதேதான். பிறகு ஈப்போவில் உள்ள அடுக்குமாடி வீட்டிற்குச் சென்று பாட்டியின் கைப்பேசியிலேயே தளத்தைத் திறந்து காட்டினேன். படம் உடனே வந்தது. பாட்டி வார்ப்புருவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தளம் அமைக்க முனையும் மாணவ நண்பர்களே, நம் மடிக்கணினியில் அது எப்படித் தெரிகிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். ஒரு பாட்டியின் கைப்பேசியில் அது திறக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு கூடம் கோணலா என்று பேசுவோம்.