சுடுகிற சக்கரம்

என்னிடம் ஒரு கார் இருக்கிறது. கம்பெனி பெயர் வேண்டாம், பாவம். என்னிடம் வருவதற்கு முன்பே இரண்டு பேரைப் பார்த்துவிட்டு வந்தது. ஆர்.சி. புத்தகத்தின்படி வயது இருபத்து நாலு. முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், பின் சக்கரங்களுக்கு டிரம். ஹாரனைத் தவிர எல்லாம் சத்தம் போடும் என்று பழைய காரைப் பற்றி ஒரு ஜோக் சொல்வார்கள். என்னுடையதில் ஹாரனும் சத்தம் போடும் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எண்ணூரில் எங்கள் தெருவில் மூன்று நாள் தண்ணீர். தெரு சாக்கடைப் பக்கமாகச் சரிந்திருக்கும். ஓரமாக நிறுத்தியிருந்த காரின் இடது சக்கரங்கள் முழங்கால் தண்ணீரில், வலது சக்கரங்கள் கணுக்கால் தண்ணீரில். இந்தத் தகவலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வடிந்ததும் என்ஜினைக் காட்டினேன், சீட்டைக் காயவைத்தேன். டிரம்மைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

சில மாதம் கழித்து, பிரேக் போட்டால் கார் பின்பக்கம் லேசாக வாலை ஆட்ட ஆரம்பித்தது. நாய் ஆட்டினால் நன்றி. கார் ஆட்டினால் வேறு ஏதோ. கூடவே வலது பின் சக்கரத்தில் தீய்ந்த வாசனை. வழக்கமாகப் போகும் ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பையன் கிட்டே போய்ப் பார்த்தான்.

"ரைட்ல ஓவரா புடிக்குது சார். தளர்த்தி வுட்டா சமமாயிடும்."

தளர்த்தினான். சமமாகிவிட்டது. வால் ஆடவில்லை, வாசனை இல்லை. முந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாக வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மழைத் தூறல். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடில் எர்ணாவூர் பக்கம். அந்த ரோடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் நின்றால் மைல் கணக்கில் நிற்கும். பின் சீட்டில் மனைவியும், பிஸ்கட் தின்றபடி பெண்ணும். முன்னால் போன டிரெய்லர் திடீரென்று நின்றது. மிதித்தேன். பெடல் போயிற்று, போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. இரண்டாம் தடவை மிதித்ததில் பிடித்தது. டிரெய்லரின் பின்பக்க இரும்புக்கும் என் பானெட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

பெண்தான் கேட்டாள்: "அப்பா, லாரியை ஏன் இவ்ளோ கிட்டே பாக்கறோம்?"

மறுநாள் கத்திவாக்கத்தில் ஒரு பெரியவரைப் போய்ப் பார்த்தேன். லாரித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயரானவர். எண்ணூருக்கும் பின் பிரேக்குக்கும் பழைய உறவு உண்டு. 1948-ல் ஆரம்பித்த அசோக் மோட்டார்ஸ் இங்கேதான் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டியது. 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறி லாரி, பஸ் என்று போய்விட்டது. அந்தக் காலத்து ஏ-40 டெவன் காரில் முன் சக்கரங்களுக்குத்தான் எண்ணெய் பிரேக். பின்னால் மெக்கானிக்கல், கம்பி இழுக்கிற சமாசாரம்.

"கம்பின்னா ரெண்டு பக்கமும் ஒரே இழுப்பா வர்றதுக்கு அட்ஜஸ்ட் பண்ணியே உயிர் போவும்" என்றார் பெரியவர். "எண்ணெய்ல அந்தத் தொல்லை இல்ல. நீ மிதிக்கிற அழுத்தம் ரெண்டு சக்கரத்துக்கும் ஒண்ணாத்தான் போவும்."

பத்தாம் வகுப்பில் படித்த பாஸ்கல் விதி. மார்க்குக்காகப் படித்தது, உயிருக்காகவும் என்று அப்போது சொல்லித் தரவில்லை.

"அழுத்தம் ஒண்ணு. வேலை மட்டும் ஏன் ஒண்ணா நடக்கல? சக்கரத்துக்குள்ள எவனோ தூங்கறான்."

சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்தார். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் கையை விடுகிறவர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுக்கு வேண்டியவராக இருக்க வேண்டும். ஹாண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு இரண்டு சக்கரத்தையும் கையால் சுற்றினார். பிறகு என்னை உள்ளே உட்கார வைத்து, பெடலை மெல்ல மிதிக்கச் சொன்னார். அப்புறம் ஹாண்ட் பிரேக்கை ஒவ்வொரு பல்லாக இழுக்கச் சொன்னார்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கால் பிரேக்கில் சமமாகப் பிடித்து, ஹாண்ட் பிரேக்கில் மட்டும் வித்தியாசம் என்றால் கேபிளைப் பாருங்கள். கால் பிரேக்கில் மட்டும் வித்தியாசம் என்றால் வீல் சிலிண்டரையும் அதற்கு எண்ணெய் போகிற வழியையும் பாருங்கள். இரண்டிலும் வித்தியாசம் என்றால் ஷூ, அட்ஜஸ்டர், டிரம்.

என் காரில் வலது சக்கரம் தாமதமாகப் பிடித்தது. தளர்த்திவிட்டோமே. இடது சக்கரம் எதற்கும் மசியவில்லை. ஜாலியாகச் சுற்றியது.

இடது டிரம்மைக் கழற்றினார். அட்ஜஸ்டர் துருப்பிடித்துக் கல்லாகியிருந்தது. வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கினால் உள்ளே பிஸ்டனும் அப்படியே. முழங்கால் தண்ணீர் ஞாபகம் இருக்கிறதா? கடற்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

"இப்ப புரியுதா தம்பி? வலது சுட்டது அதோட தப்பில்ல. ரெண்டு ஆள் வேலையை ஒரு ஆள் பாத்தான், சூடாயிட்டான். நீ தூங்கறவனை வுட்டுட்டு, வேலை செய்யறவனைத் தளர்த்தியிருக்கே. ரெண்டு பேரும் வேலை செய்யலேன்னா, அதுவும் சமம்தான்!"

பெரியவர் வேலை செய்யும்போது பொறுக்கியதை உங்களுக்கும் தருகிறேன்.

ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்தையும் பிரிக்காதீர்கள். எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் என்று சந்தேகம் வந்தால் பிரிக்காத பக்கம்தான் கைடு. வலது, இடது ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம் என்பதை மறக்க வேண்டாம்.

உள்ளே இருக்கிற தூசியை வாயாலும் ஊதாதீர்கள், காற்றாலும் அடிக்காதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடையுங்கள்.

எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் தேய்த்துத் திரும்பப் போடுகிற பழக்கம் உண்டு. வேண்டாம். ஷூ மாற்றினால் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதுசு போட்டால் திரும்பவும் வால் ஆடும்.

டிரம்மைக் கடைசல் பிடித்தால் இரண்டும் ஒரே அளவு. எந்த அளவுக்கு மேல் போகக் கூடாது என்று பல டிரம்களில் வார்ப்பிலேயே எழுதியிருக்கும்.

முதலில் ஷூவை அட்ஜஸ்ட் செய்துவிட்டுப் பிறகுதான் ஹாண்ட் பிரேக் கேபிளைத் தொட வேண்டும். கேபிளை இறுக்கி ஷூவின் சோம்பலை மறைப்பது, டை கட்டிக்கொண்டு கிழிந்த பனியனை மறைப்பது மாதிரி.

பிரேக் ஆயில் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். நிறத்தைப் பார்த்து ஏமாறாமல், கம்பெனி கையேட்டில் சொன்ன காலத்தில் மாற்றிவிடுங்கள். சிலிண்டரைத் தொட்டால் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றியே ஆக வேண்டும். வெள்ளத்தில் நின்ற காரென்றால் டிரம்மைத் திறந்து பார்க்காமல் ரோட்டுக்கு எடுக்காதீர்கள். கடைசியாக, ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் குடும்பத்தை ஏற்ற வேண்டும்.

இரண்டு பக்கமும் புது சிலிண்டர், புது ஷூ. இப்போது மிதித்தால் நேராக நிற்கிறது. எர்ணாவூரில் அதே இடத்தில் பெண் எட்டிப் பார்த்து, "லாரி இன்னிக்கு தூரமா இருக்கு" என்றாள். மனைவி பேச ஆரம்பித்துவிட்டாள். எல்லாம் நார்மல்.

போன வாரம் ஆபீஸில் ஒருவர் ஃபைலை மேஜையில் அறைந்து சத்தம் போட்டார். "அவருக்கு எப்பவும் டென்ஷன், கொஞ்சம் தட்டி வைக்கணும்" என்றார் மேனேஜர்.

நான் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். அதில் ஒருத்தர் ஜாலியாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.