குக்கல்: ஊசிக்குப் பின்னரும் மூக்கில் தங்கும் கிருமி

2024 இல் இங்கிலாந்தில் 14 ஆயிரத்திற்கும் மேற்பட்டோருக்குக் குக்கல் தொற்று உறுதியானது. 11 சிசுக்கள் உயிரிழந்தன. தடுப்பூசிக்குப் பஞ்சமில்லாத நாடு அது. கர்ப்பிணிகள் ஊசி பெறுவது குறைந்தமை ஒரு காரணம். ஊசியிடமும் ஒரு குறை உண்டு.

கையில் போடும் ஊசி இரத்தத்தில் பிறபொருளெதிரிகளை உருவாக்குகிறது. நோய் முற்றாமல் அவை காக்கின்றன. ஆனால் குக்கல் பக்ரீரியா குடியேறுவது மூக்கிலும் தொண்டையிலும். அங்கே ஊசியின் காவல் மிகப் பலவீனமானது.

அமெரிக்க ஆய்வாளர்கள் பபூன் குரங்குகளில் இதைக் காட்டினார்கள். மேலை நாடுகளில் இப்போது பாவிக்கப்படும் கலமற்ற தடுப்பூசியைப் பெற்றவை நோயுறவில்லை. ஆயினும் வாரக்கணக்கில் கிருமியைச் சுமந்தன, மற்றவற்றுக்கும் பரப்பின. முழுக்கலத் தடுப்பூசி பெற்றவற்றில் கிருமி விரைவாக அகன்றது. ஏற்கெனவே குக்கல் வந்து மாறியவற்றில் மட்டும் அது குடியேறவே இல்லை.

அந்த இயற்கைத் தொற்றை ஆபத்தின்றிப் பின்பற்றுவதே மூக்குவழித் தடுப்பு மருந்தின் நோக்கம். பிரான்ஸின் லில் நகர பாஸ்ரர் நிறுவகத்தில் உருவான பிபிஇசட்ஈ1, நச்சுகள் முடக்கப்பட்ட உயிருள்ள குக்கல் பக்ரீரியா. மூக்கில் விசிறினால் அது சிறிது காலம் அங்கே தங்கும். அதற்குள் உட்சவ்வு ஐஜிஏ பிறபொருளெதிரிகளைச் சுரக்கத் தொடங்கும். அவை அடுத்து வரும் கிருமியை ஒட்டவிடாது. ஞாபக ரி கலங்களும் அதே சவ்வில் நிலைகொண்டு, கிருமி திரும்பினால் வெண்குருதிக் கலங்களை உடனே அழைக்கும்.

அமெரிக்காவில் வளர்ந்தோர் 280 பேரிடம் நடந்த பரிசோதனை 2023 இல் வெளியானது. மூக்குவழி மருந்து பெற்றவர்களுக்கு அதே பக்ரீரியா மீண்டும் செலுத்தப்பட்டபோது, பத்தில் ஒன்பது பேரிடம் அது குடியேறவில்லை. நல்ல செய்தி. எனினும் செலுத்தப்பட்டது வலுக்குறைந்த கிருமி, பெற்றவர்கள் ஆரோக்கியமானவர்கள். நோயெதிர்ப்புக் குறைந்தோருக்கு உயிருள்ள கிருமியைக் கொடுப்பது வேறு விடயம்.

இலங்கையின் அரச தடுப்பூசித் திட்டத்தில் இன்னமும் முழுக்கலத் தடுப்பூசியே 2, 4, 6, 18 மாதங்களில் போடப்படுகிறது. காய்ச்சல் வருகிறதென்று அதைக் குறைசொல்வோர் பபூன் ஆய்வையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

முதல் ஊசிக்கு முந்திய இரண்டு மாதங்களே சிசுவுக்கு மிக ஆபத்தானவை. லண்டனுக்குப் பேரப்பிள்ளை பார்க்கப் போகும் அம்மம்மாவின் சாதாரண இருமல்கூட அந்த வேளையில் குக்கலாக இருக்கலாம். மூக்குவழி மருந்து அனுமதி பெற்றால், முதலில் தேவைப்படுவது குழந்தையைத் தூக்கும் பெரியவர்களுக்குத்தான்.