காதும் சாஸ்திரமும்

கைத்தொழில் செய்பவனுக்குச் சாஸ்திரம் எதற்கென்றும், சாஸ்திரம் கற்றவனுக்குக் கைத்தொழில் இழிவென்றும் நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணத்தில் பட்டதாரிகளே முந்தி நிற்கின்றனர்! அன்னார் அமெரிக்காவிலுள்ள சூஸன் ராஜர்ஸ் அம்மையாரின் வரலாற்றைச் சற்றுக் கவனிப்பார்களாக.

ஒலிப்பதிவு யந்திரங்களைப் பழுது பார்ப்பவராய்த் தொழில் தொடங்கிய இவ்வம்மையார், 1983-ல் பிரின்ஸ் என்னும் பிரசித்த பாடகரிடம் அமர்ந்தார்; 1984-ல் வெளியான 'பர்ப்பிள் ரெயின்' முதலியவற்றின் ஒலிப்பதிவில் உழைத்தார். பின்னர் தாமே இசைத்தட்டுத் தயாரிப்பாளராகிப் பொருளும் ஈட்டினார். அத்துடன் நின்றாரில்லை. நாற்பது வயதைக் கடந்தபின் மாணவியாய்க் கலாசாலை புகுந்தார். ஒத்த சுரங்களும் ஒவ்வாச் சுரங்களும் மனித மனத்தில் எவ்விதம் பதிகின்றன என்று ஆராய்ந்து, 2010-ல் கானடாவின் மக்கில் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார். பாஸ்டன் நகரத்துப் பெர்க்லி சங்கீதக் கலாசாலையில் ஆசிரியராகவும் விளங்கினார்.

இருபது வருஷம் தொழிலில் பழகிய காது, எதனை ஆராய வேண்டும் என்பதைத் தானே அறியும். ஏட்டுப் படிப்பு மட்டும் உள்ளவனுக்கு இது எளிதிற் கிட்டுவதன்று.

நம் தேசத்தில் இதற்கு இடமில்லையா? மிருதங்கத்தின் வலந்தலையிலுள்ள கரணை அதன் நாதத்தைச் சுருதியோடு இசையச் செய்யும் விதத்தை ஸர் ஸி. வி. ராமன் 1920-லேயே விஞ்ஞான முறையில் ஆராய்ந்து வெளியிட்டார். அக்கரணையை இடும் தொழிலாளியோ அதனைத் தலைமுறை தலைமுறையாய்க் காதால் அறிந்தவன். அவன் மகன் சர்வகலாசாலையின் சோதனைச் சாலைக்குள் நுழைய வழி செய்யப்பட வேண்டும். பரீட்சைச் சான்றில்லை என்று அவனை வாயிலில் நிறுத்துவதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது.