ஆம்புலன்ஸ் என்ன போலீஸ் பொறியா?

விஜயகுமார் ஐபிஎஸ் பத்திப் பேச்சு வந்தாலே நம்ம ஆளுங்க ஒரே மூச்சுல சொல்லிடுவாங்க: சென்னை கமிஷனரா ரவுடிகளை அடக்கினார், வீரப்பனை முடிச்சார், 2010-ல் தந்தேவாடாவில் 76 பேர் பலியானதும் சிஆர்பிஎஃப் தலைவர் ஆனார். திறமையான அதிகாரிதான், மறுக்கலை. (2003-ல் அயோத்தியாகுப்பம் வீரமணி என்கவுன்டர் அவர் கமிஷனரா இருந்தப்போதான் நடந்தது. அது தனிக் கதை.)

சேலத்துல வைத்தியம் பாக்குற எனக்கு உறுத்துறது வேற.

18 அக்டோபர் 2004 ராத்திரி. தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி பக்கம் பாடி கிராமம். கண் சிகிச்சைக்குன்னு நம்பி வீரப்பனும் மூணு கூட்டாளிகளும் ஏறின வண்டி ஒரு ஆம்புலன்ஸ். அதுமேல எழுதியிருந்தது சேலத்து மருத்துவமனை ஒன்றின் பெயர். உள்ளே இருந்தது மாறுவேஷத்துல போலீஸ். நாலு பேரும் செத்தாங்க. குண்டு துளைச்ச அந்த வண்டியோட படத்தை எல்லாப் பத்திரிகையும் போட்டுச்சு. நாம கை தட்டினோம். அதிரடிப்படையில இருந்த எல்லாருக்கும் பதவி உயர்வு, 3 லட்சம் ரூபாய், வீட்டு மனை.

"வீரப்பன் என்ன உத்தமனா?"ன்னு கேப்பீங்க. இல்லவே இல்லை. 1993-ல் பாலாறு கண்ணிவெடியில மட்டும் 22 பேரைக் கொன்னவன். அவனைப் பிடிக்க பொய் சொல்லுங்க, வேஷம் போடுங்க, ஆள் அனுப்புங்க. மளிகை வேனோ கல்யாண வேனோ கொண்டு போங்க. எங்க வண்டியை ஏங்க எடுத்தீங்க?

"அது நிஜ ஆம்புலன்ஸ் இல்லையே, போலீஸ் வேன்தானே"ம்பாங்க. அதுதாங்க பிரச்சினையே. வெளியில பாக்குறவனுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

போர்லயே இதுக்குத் தடை இருக்கு. செஞ்சிலுவைச் சின்னத்தைக் காட்டி நம்ப வெச்சு எதிரியைக் கொல்றது ஜெனீவா விதிப்படி குற்றம். 2008-ல் கொலம்பியா ராணுவம் பணயக்கைதிகளை மீட்கப் போனப்போ ஒருத்தர் அந்தச் சின்னத்தை மாட்டியிருந்தார். யாரையும் சுடலை. அதுக்கே அந்த நாட்டு அதிபர் மன்னிப்பு கேட்டார். பின்லாடனைத் தேட சிஐஏ பாகிஸ்தானில் போலி தடுப்பூசி முகாம் போட்டது. அப்புறம் அங்க ஊசி போட வர்றவங்களை உளவாளின்னு பாத்தாங்க. போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போன பெண்களைச் சுட்டாங்க. இனி தடுப்பூசித் திட்டத்தை உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம்னு 2014-ல் வெள்ளை மாளிகையே சொல்ல வேண்டியதாச்சு.

ஜெனீவா விதி போருக்குத்தான், போலீசுக்கு இல்லைன்னு வக்கீல் நண்பர்கள் வருவாங்க. சரி, சட்டத்தை விடுங்க. மேட்டூர், கொளத்தூர், பென்னாகரம் மலையோரத்துக்காரங்க அதிரடிப்படைக்கும் வீரப்பனுக்கும் நடுவுல மாட்டி பல வருஷம் அடி வாங்கினவங்க. 2004-ல் 108 கூட கிடையாது, அது 2008-லதான் வந்தது. அந்த ஜனங்க ராத்திரியில வாசலுக்கு வர்ற ஆம்புலன்ஸை எந்த தைரியத்துல நம்பி ஏறணும்?

விஜயகுமார் ஓய்வு பெற்று வருஷக்கணக்காச்சு. அவரைக் கூண்டுல ஏத்தச் சொல்லி நான் கேக்கலை. ஆம்புலன்ஸ், டாக்டர் கோட்டு, தடுப்பூசி முகாம் எதையும் ஆபரேஷனுக்குத் தொடக்கூடாதுன்னு தமிழ்நாடு டிஜிபி எழுத்துல ஒரு உத்தரவு போடணும். ஏற்கெனவே இருந்தா வெளியில காட்டுங்க. எங்க டாக்டர் சங்கங்களும் இதைக் கேட்டு ஒரு கடுதாசியாவது அனுப்பட்டும்.