நோட்டீசும் கொசுவும்

2017-ல் டெங்கு சேலத்தை ஆட்டிவைத்தபோது வீடு வீடாகச் சோதனை. டிரம்மில் புழு நெளிந்தால் நோட்டீஸ், அபராதம். எங்க தெருவுக்கும் வந்தாங்க.

டெங்கு பரப்பும் ஏடிஸ், தேங்கிய நல்ல தண்ணியிலதான் முட்டை வைக்கும். முட்டை கொசுவாக எட்டுப் பத்து நாள். எங்க குழாயில் அப்போ தண்ணி வந்ததும் எட்டு நாளைக்கொருமுறை. நான் பேங்க் கிளார்க், கணக்கு எனக்குச் சரியாகவே பொருந்தியது. பிடித்து வைக்காமல் எதைக் குடிப்பது?

சாக்கடைக் கொசு கியூலெக்ஸ், அது வேற சாதி. (கொசுவிலுமா சாதி பார்க்கிறே என்று சிரிக்காதீங்க தோழர்.) சேர்வராயன் மலையில் பிறக்கிற திருமணிமுத்தாறு சேலத்துக் கழிவையெல்லாம் சுமந்துகொண்டு நாமக்கல் பக்கமாகக் காவிரிக்குப் போகிறது. கரையோரம் யார் குடிசை என்று சொல்லணுமா? சுருள் கொளுத்தினால் புகை நம்ம நெஞ்சுக்கு, கொசு பக்கத்து வீட்டுக்கு.

ஏடிஸ் முட்டை டிரம் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாசக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வெறுமனே கவிழ்த்தால் போதாது. வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவி, துணியால் இறுக்கிக் கட்டணும். அதை நாம செய்வோம். சாக்கடை வார மட்டும் அருந்ததியர் தெருவைத் தேடி வருகிறவர்கள், அந்தத் தெருவுக்கு ஒரு சாக்கடை கட்டிக் கொடுக்கட்டும். நோட்டீசை அப்புறமா ஒட்டலாம்.