துணைப் பாத்திரமும் துணைவினையும்

டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஆடும் குழுக்களில் எழுதப்படாத ஒரு வழக்கம் உண்டு. வாள்வீரன், மந்திரவாதி, திருடன் என விரும்பிய பாத்திரங்களை முன்னே வந்தவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கடைசியாக வந்து அமர்பவருக்குக் காயம் ஆற்றும் கிளெரிக் மிஞ்சும். "யாராவது ஒருவர் அதை ஆடித்தானே ஆக வேண்டும்" என்ற சமாதானமும் கூடவே வரும். வீரப் பாத்திரம் இன்பத்துக்கு, துணைப் பாத்திரம் கடமைக்கு என்னும் எண்ணம் இவ்வழக்கத்தில் ஒளிந்திருக்கிறது. அவ்வெண்ணத்தை ஆட்டத்தின் விதிகளே பொய்யாக்குகின்றன.

ஆடாதவர்களுக்காக ஒரு விளக்கம்: கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கி 1974இல் அமெரிக்காவில் வெளியான ஆட்டம் இது. நடுவர் கதைச்சூழலை விவரிப்பார்; ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரு பாத்திரமாக நின்று தம் செயலைச் சொல்வார். இன்றைய பதிப்புகளில் அச்செயல் கைகூடுமா என்பதைப் பெரும்பாலும் இருபது முகப் பகடை முடிவு செய்யும்.

ஆட்டத்தில் துணைக்கு என்ன இடம் என்ற வினாவுக்கு மைசூரில் பழைய சான்றுகள் உண்டு. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) ஆதரவில் தொகுக்கப்பட்ட ஸ்ரீதத்துவநிதியில் கௌதுகநிதி என்னும் பகுதி விளையாட்டுகளைப் பேசுகிறது. அவர் பேணிய கஞ்சிஃபா சீட்டாட்டத்தின் தசாவதார வகையில் 120 சீட்டுகள். ஒவ்வோர் அவதாரத்துக்கும் ஓர் அரசன், ஒரு மந்திரி, பத்து எண்சீட்டுகள். மந்திரி அரசனுக்கு அடுத்த நிலைச் சீட்டு. அரசனின் வலிமையில் அவரால் எந்த மாற்றமும் இல்லை. பழைய சதுரங்கத்தின் மந்திரி குறுக்காக ஒரு கட்டமே நகர்வார். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் அவர் அரசியாகி நெடுந்தூரம் பாயத் தொடங்கியபோதும், பெருகியது அவருடைய சொந்த ஆற்றலே. காய்கள் ஒன்றையொன்று காப்பது நிற்கும் இடத்தால் விளைவது. மற்றொரு காயின் நகர்வை மாற்றும் உரிமை எந்தக் காய்க்கும் இல்லை. மந்திரி பெயரளவில் துணை, விதியளவில் தனியர்.

பாத்திர ஆட்டம் இங்கேதான் வேறுபடுகிறது. பிறர் செயலை மாற்றுவதையே ஒருவரின் செயலாக விதி எழுதிவைக்கிறது. ஆனால் அதை எல்லாத் துணை வகுப்புகளும் ஒரே வகையில் செய்வதில்லை.

கிளெரிக்கின் பெயர்பெற்ற பணி காயம் ஆற்றுவது. 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் 'கியூர் வூண்ட்ஸ்' மந்திரத்தின் தொடக்க நிலையில் எட்டு முகப் பகடை ஒன்றை உருட்டி, அதனோடு பாத்திரத்தின் திறன் எண்ணைக் கூட்ட வேண்டும். திறன் எண் மூன்று எனில் சராசரி ஏழரைப் புள்ளி. அதே பதிப்பில் ஓர் ஓகர் அரக்கனின் தண்டடி சராசரியாகப் 13 புள்ளிகளைப் பறிக்கும். 2024ஆம் ஆண்டுப் பதிப்பு பகடையை இரண்டாக்கியது. அப்போதும் சராசரி 12தான். தம் முறை முழுவதையும் செலவிட்டும் எதிரியின் ஓர் அடியை ஈடுகட்ட முடியவில்லை. மேலும், ஒரே ஓர் உயிர்ப்புள்ளி எஞ்சிய வீரனும் முழு நலத்தோடு நிற்கும் வீரனும் ஒரே வலிமையோடுதான் வாள் வீசுகிறார்கள். அதனால் அனுபவமுள்ளவர்கள் குறைவாக ஆற்றும் 'ஹீலிங் வேர்ட்' மந்திரத்தையே பெரும்பாலும் நாடுகிறார்கள். தொலைவிலிருந்தே, முறையின் ஒரு சிறு பகுதியில் அது முடிந்துவிடும். நினைவிழந்து விழுந்தவர் எழுந்து தம் முறையை ஆடுவார். அங்கே மீட்கப்படுவது உடல்நலம் என்பதைவிடச் செயல் என்பதே பொருந்தும். கிளெரிக்கின் 'பிளெஸ்' மந்திரமும் அப்படித்தான். மூவரின் தாக்குதல்களோடு நான்கு முகப் பகடை ஒன்று கூடும். சராசரி இரண்டரை, அதாவது வெற்றி வாய்ப்பில் ஏறத்தாழ பன்னிரண்டரை விழுக்காட்டுப் புள்ளிகள். மருத்துவராக மட்டும் ஆடப்படும் கிளெரிக் சலிப்பூட்டுவது உண்மை. அச்சலிப்புக்கு வகுப்பைவிட ஆடும் முறையே காரணம்.

பார்ட் என்னும் பாணர் வகுப்பு 1976இல் 'தி ஸ்ட்ராட்டஜிக் ரிவ்யூ' இதழில் அறிமுகமானது. 1978ஆம் ஆண்டு விதிநூலில் முதலில் வீரராகவும் பின்னர்த் திருடராகவும் தேறியவரே பார்ட் ஆக முடியும். 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் இவ்வகுப்பின் அடையாளம் ஓர் ஊக்கப் பகடை: தொடக்கத்தில் ஆறு முகம், பதினைந்தாம் நிலையில் பன்னிரண்டு முகம். அதைப் பெற்றவர் தம் பகடை எண்ணைப் பார்த்த பின், முடிவை நடுவர் அறிவிக்கும் முன் சேர்த்துக்கொள்ளலாம். பார்ட் தமக்கே அதை வழங்கிக்கொள்ள முடியாது என்பதுதான் இவ்விதியின் அழகு. கிளெரிக் தம் காயத்தையும் ஆற்றிக்கொள்ளலாம். பார்ட்டின் ஊக்கம் பிறருக்கே உரியது. பரிசில் பெற்று மீளும் பாணர், வறுமையில் வரும் இன்னொரு பாணருக்கு வள்ளலின் வழியைக் காட்டும் ஆற்றுப்படையை அறிந்த தமிழ் மாணவருக்கு இவ்விதி அந்நியமாகத் தோன்றாது. மைசூரில் பிறந்து மொழியியல் பயின்ற ஏ.கே. ராமானுஜன் சங்கப் பாடல்களின் உலகை ஆங்கிலத்துக்குக் கொண்டுசென்றவர்; அவ்வுலகில் பாணர் வெறும் பின்னணி இசைஞர் அல்லர்.

மூன்றாவது, 2008ஆம் ஆண்டு நான்காம் பதிப்பின் வார்லார்ட். அவர் தம் தாக்குதல் வாய்ப்பையே தோழருக்கு அளிக்கலாம். வெட்டுவது தோழரின் வாள். அப்பதிப்பு கிளெரிக்கையும் வார்லார்டையும் 'லீடர்' என்ற பிரிவில் வைத்தது. ஆயினும் அவர்கள் குழுவுக்குத் தலைமை ஏற்க வேண்டியதில்லை என்றும் தெளிவுபடுத்தியது. ஒரே பணிக்கு ஒரு வழக்கில் 'துணை', மற்றொரு வழக்கில் 'தலைமை'. 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் வார்லார்டுக்குத் தனி வகுப்பு இல்லை. அந்த இழப்பு பெரிது.

இப்பெயர்ச் சிக்கலைத் தமிழ் இலக்கணம் எளிதாக அவிழ்க்கிறது. 'வந்துவிட்டான்' என்பதில் வருதல் என்னும் பொருள் முதல்வினைக்கு உரியது. காலத்தையும் திணை, பால், எண், இடத்தையும் தாங்கி நிற்பது 'விடு' என்னும் துணைவினை. அது இல்லையேல் 'வந்து' எச்சமாகவே நின்றுவிடும். 'எழுதிக்கொடுத்தாள்', 'எழுதிக்கொண்டாள்' இரண்டிலும் எழுதுதல் ஒன்றே; பயன் யாருக்கு என்பதைத் துணைவினை சொல்கிறது. கிளெரிக் 'கொடு'வும் 'கொள்'ளும் அறிந்தவர். ஊக்கப் பகடையைப் பொறுத்தவரை பார்ட் 'கொடு' மட்டுமே அறிந்தவர். வார்லார்ட் தம் முறையையே பிறர்வினையாக முடிப்பவர். இவ்வளவையில் பார்ட்டும் வார்லார்டும் முன்னிற்கிறார்கள். அவர்களிடம் உதவி பெற்றவரின் செயல் அவருடையதாகவே இருக்கிறது. கூடவே, அச்செயல் முற்றுப்பெறுகிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. வெற்றி வீரனின் பெயரில் எழுதப்படும். ஊக்கப் பகடை மறக்கப்படும். மொழியியலாருக்கு இது பழகிய அநீதி. களத்தில் நாள்கணக்கில் வாக்கியங்களைச் சொல்லித் திருத்திய பேச்சாளர் நன்றியுரையின் ஒரு வரியில் அடங்கிவிடுகிறார். இலக்கணம் ஆய்வாளரின் பெயரில் வெளிவருகிறது. இங்கும் எச்சத்தை முற்றாக்கியவர் ஒருவர், பெயர் பெற்றவர் மற்றொருவர்.

ஆட்ட மேசையில் இதைச் சரிசெய்வது எளிது. பிறர் தந்த பகடையால் வென்றவர், தந்தவரின் பெயரைச் சொல்லிய பின்னரே தம் வெற்றியை விவரிக்கட்டும். எல்லாருடைய விதிகளையும் அறிந்தாலொழியத் துணைப் பாத்திரத்தை நன்றாக ஆட இயலாது. ஆகவே அதைக் கடைசியாக வந்த புதியவரிடம் தள்ளாமல், தேர்ந்தவர் முதலில் எடுத்துக்கொள்ளட்டும். மேசையில் பழகிய பழக்கம் ஆய்வேட்டின் முதல் பக்கத்துக்கும் வந்து சேருமானால் இன்னும் நன்று.